தீயவர் என்று தனியாக ஓர் இனம் உண்டா?

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மனிதன் இயல்பிலேயே நல்லவனா கெட்டவனா என்பது பட்டிமன்றத்துக்கு வசதியான தலைப்பு. இரு அணியும் பேசி முடித்த பின் நடுவர் ஆளுக்குப் பாதியாகத் தீர்ப்பைப் பிரித்துக் கொடுப்பார். நாமும் நிறைவோடு வீடு திரும்பலாம். இன்று நான் அந்த வழியில் போகவில்லை. வரலாற்றில் நடந்த ஒரு கொடுமையையும் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு சோதனையையும் எடுத்துக்கொண்டு, ஒரு சாதாரண மனிதன் எந்த இடத்தில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்கிறான் என்பதை மட்டும் பார்க்க விரும்புகிறேன்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் திரட்டப்பட்ட 101-ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியனில் சுமார் 500 பேர் இருந்தார்கள். துறைமுகத் தொழிலாளர், லாரி ஓட்டுநர், கிடங்கு வேலையாள், எழுத்தர் எனப் பிழைத்தவர்களே பெரும்பாலோர். ராணுவத்துக்கு வயது கடந்துவிட்டது என்பதால் போலீசில் சேர்க்கப்பட்டவர்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வரும் முன்பே வளர்ந்து ஆளானவர்கள் என்பதால், பிஞ்சு மனத்தில் நஞ்சு ஏற்றப்பட்டது என்ற சமாதானமும் இவர்களுக்குப் பொருந்தாது. 1942 ஜூலை 13 அன்று விடியற்காலையில் போலந்தின் யூசெஃபூவ் என்னும் சிற்றூருக்கு இவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஊரிலுள்ள யூதர்களில் உழைக்கத் தகுந்த ஆண்களைப் பிரித்துவிட்டு, பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் அனைவரையும் சுட்டுக் கொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அதைச் சொல்லும்போது படைத்தலைவர் மேஜர் வில்ஹெல்ம் ட்ராப்பின் குரல் தழுதழுத்தது. சொல்லி முடித்தவர், இது தம்மால் இயலாது என்று கருதும் மூத்தவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்.

ஒருவர் வரிசையை விட்டு முன்னே வந்தார். அவருடைய கேப்டன் சீறி விழுந்தார்; ட்ராப் கேப்டனைத் தடுத்து, முன்வந்தவரைத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். அதைக் கண்ட பிறகு மேலும் பத்துப் பன்னிரண்டு பேர் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அன்று இரவுக்குள் சுமார் 1,500 பேர் கொல்லப்பட்டார்கள். இடையில் தாங்க முடியாமல் விலகியவர்களும் கண்ணில் படாமல் நழுவியவர்களும் உண்டு. ஆனாலும் பெரும்பான்மையினர் கடைசிவரை சுட்டார்கள். சுட மறுத்த எவரும் தண்டிக்கப்படவில்லை. உத்தரவை மீறினால் உயிர் போயிருக்கும் என்ற வழக்கமான சாக்கு இந்த ஊரில் எடுபடாது.

1960-களில் நடந்த விசாரணையில் இவர்கள் அளித்த வாக்குமூலங்களை வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரௌனிங் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர் காட்டும் செய்திகளில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. ஒதுங்கிக்கொண்டவர்களில் பலர், அந்தச் செயல் தவறு என்பதால் மறுத்தோம் என்று சொல்லவில்லை. தங்களுக்கு மன உறுதி போதவில்லை என்றே சொன்னார்கள். கொல்வதுதான் வீரம் என்ற கணக்கை, கொல்ல மறுத்தவர்களும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருகிறேன். 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனையைத் தொடங்கினார். செய்தித்தாள் விளம்பரம் பார்த்து வந்தவரை ஆசிரியர் இடத்தில் அமர்த்தி, அடுத்த அறையில் இருப்பவர் தவறான விடை சொல்லும் ஒவ்வொரு முறையும் மின் அதிர்ச்சி தரச் சொல்வார்கள். கருவியில் 30 பொத்தான்கள். 15 வோல்ட்டில் தொடங்கி, பதினைந்து பதினைந்தாக ஏறி, 450-இல் முடியும். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அடுத்த அறையில் இருந்தவர் நடித்தார். ஆனால் பொத்தானை அழுத்தியவருக்கு அது சொல்லப்படவில்லை. 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். சிலர் சூழ்ச்சியை ஊகித்திருக்கலாம் என்று பின்னாளில் எழுந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. யூசெஃபூவில் ஊகிக்க எதுவும் இருக்கவில்லை என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த 26 என்ற எண்ணைச் சொல்லி அதிர்ச்சி ஊட்டுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பதினைந்து வோல்ட் இடைவெளிதான் முக்கியமாகப் படுகிறது. எடுத்த எடுப்பில் 450-ஐ அழுத்தச் சொன்னால் யாரும் எழுந்து போயிருப்பார்கள். 150 வரை அழுத்திவிட்டவர் 165-ஐ மறுக்க வேண்டுமானால், சற்றுமுன் தாம் செய்ததும் தவறுதான் என்று தமக்குத் தாமே ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகவே மனிதர் அடுத்த பொத்தானை அழுத்துகிறார் என்று நான் கருதுகிறேன். கொடூர குணம் ஒன்று உள்ளே பதுங்கியிருந்து வெளிப்பட்டது என்று சொல்ல இங்கே தேவையே எழவில்லை.

மில்கிராம் சூழலை மாற்றியும் பார்த்தார். வதைபடுபவரை அதே அறையில் அமர்த்தியபோது இறுதிவரை போனவர்கள் 40 பேரில் 16 ஆகக் குறைந்தார்கள். உடன் அமர்ந்திருந்த இருவர் நடுவில் எழுந்து மறுத்துவிட்டபோது, இறுதிவரை போனவர்கள் நான்கே பேர். தீதும் நன்றும் பிறர் தந்து வருவதில்லை என்ற சங்கப் பாட்டின் அடியை மேடைதோறும் முழங்குகிறோம். பொறுப்பு என்ற அளவில் அதை நானும் ஏற்கிறேன், சுட்டவன் கை சுட்டவனுடையதே. ஆனால் மறுக்கும் துணிவு பிறரிடமிருந்தும் வருகிறது. யூசெஃபூவில் முதலாமவர் காலெடுத்து வைத்த பிறகுதானே அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர் அசைந்தார்கள்?

அந்தப் போலீஸ்காரர்களுக்கு யூசெஃபூவ் முதல் பொத்தான் அன்று. 1933 ஏப்ரலில் யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னபோது, 1935-இல் யூதரின் குடியுரிமையைப் பறித்தபோது, 1938 நவம்பரில் வழிபாட்டிடங்கள் எரிந்தபோது, அவர்களும் அந்த நாட்டில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1941 இலையுதிர்காலத்தில் ஹாம்பர்க்கிலிருந்து யூதர்களைக் கிழக்கே கொண்டுசென்ற ரயில்களுக்குக் காவல் போனதும் இதே பட்டாலியன்தான்.

எதிர்த்திசையிலும் இதே படிகள் உண்டு. பிரான்சின் தென்பகுதி மேட்டுநிலத்தில் லெ ஷாம்போன் என்ற புராட்டஸ்டண்ட் கிராமம் இருக்கிறது. முன்னொரு காலத்தில் மன்னராட்சியால் வேட்டையாடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஜெர்மனியோடு பிரான்ஸ் போர்நிறுத்தம் செய்துகொண்ட மறுநாள், 1940 ஜூன் 23 அன்று, பாதிரியார் ஆந்த்ரே த்ரோக்மே, மனசாட்சிக்கு விரோதமான கட்டளைக்குப் பணிய வேண்டாம் என்று சபையில் பேசினார். பிறகு வந்தவை சிறிய மறுப்புகள்: பள்ளியில் கொடிக்கு பாசிச முறையில் கை உயர்த்த மறுத்தார்கள், அரசுத் தலைவர் பெத்தேனின் ஆணைப்படி தேவாலய மணி அடிக்க மறுத்தார்கள். இவற்றால் அன்று ஓர் உயிரும் பிழைத்துவிடவில்லை. சற்று விறைப்பான பிடிவாதம் என்றுகூட யாருக்காவது தோன்றியிருக்கும்.

1942 ஆகஸ்டில் பிரெஞ்சு போலீஸ் யூதர்களைத் தேடி அந்த ஊருக்கு வந்து, பெயர்ப் பட்டியல் கேட்டபோது, த்ரோக்மே கொடுக்கவில்லை. பண்ணை வீடுகளில் ஒளிந்திருந்தவர்களை ஊரார் காட்டிக்கொடுக்கவும் இல்லை. போர் முடிவதற்குள் அந்த மேட்டுநிலத்தில் அடைக்கலம் பெற்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஏன் செய்தீர்கள் என்று பிற்காலத்தில் கேட்டவர்களிடம் அந்த மக்கள் விளக்கம் சொல்லத் திணறினார்கள். கதவைத் தட்டியவரை உள்ளே விடாமல் வேறென்ன செய்வது என்பதுபோலவே பேசினார்கள். அங்கே மாணவர் விடுதியை நடத்திவந்த த்ரோக்மேயின் உறவினர் தானியேல், 1943-இல் மாணவர்களோடு கைதாகி, மறு ஆண்டு மைதானெக் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தார்.