நமக்கும் ஒரு பந்தல் வேண்டும்
(பெங்களூருவில் திராட்சை விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மைக் வேண்டாம், தோட்டத்தில் கத்திப் பழகிய தொண்டை இது. நாடு முழுக்கத் திராட்சை விவசாயிகளுக்கு ஒரு தேசிய அமைப்பு வேண்டும், அதைப் பேசத்தான் வந்தேன்.

போன வருடம் தொட்டபள்ளாபுரம் பக்கம் என் இரண்டு ஏக்கர் தில்குஷ் ரகத் திராட்சை, விடிந்தால் அறுப்பு என்று இருந்த ராத்திரியில் ஒரு மணி நேரம் மழை. காலையில் பந்தலுக்குள் குனிந்து போய்ப் பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தோல் வெடித்து, சாறு வடிந்து, தேனீ மொய்க்கிறது. விலை பேசிய வியாபாரியின் போன் ஸ்விட்ச் ஆஃப். எழுத்தில் ஏதாவது வாங்கினாயா என்று கேட்காதீர்கள், உங்களில் யார் வாங்குகிறீர்கள்?

யாரிடம் போய்ச் சொல்வது? காப்பிக்கு இதே ஊரில் போர்டு இருக்கிறது, 1942 சட்டத்தின்படி நடப்பது. மகாராஷ்டிரத் திராட்சைக்காரர்கள் 1960லேயே சங்கம் வைத்துவிட்டார்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் மாநிலச் சங்கம் மட்டும் போதாது. 2010 ஞாபகம் இருக்கிறதா? கொடி வெறும் தழையாக ஓடாமல் மொட்டுக் கட்ட அடிப்போமே சிசிசி (குளோர்மெக்வாட் குளோரைடு) என்ற மருந்து, அதன் எச்சம் பழத்தில் இருக்கிறதென்று ஐரோப்பாவில் நம் நாட்டுக் கண்டெய்னர்களை நிறுத்திவிட்டார்கள். அங்கே அப்போது வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம்; இங்கே ஏற்றுமதிக்கு முன் சோதிக்கிற பட்டியலிலேயே அப்போது அந்த மருந்து இருக்கவில்லை. மருந்தடித்தவனுக்கு முன்கூட்டியே சொல்ல ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான். நாம்தான் ஏற்றுமதியே செய்வதில்லையே என்கிறீர்களா? சரி, கப்பலில் போகாத பழம் எங்கே வரும்? இங்கே பெங்களூரு சிங்கேன அக்ரஹாரம் பழ மண்டிக்குத்தான், நம் கூடைக்குப் பக்கத்தில்தான்.

அப்புறம் ஒரு சிக்கல், இதை மூடி மறைக்கக் கூடாது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நாசிக் விதையில்லாப் பழம் குவிந்தால் கம்பம் பன்னீர் திராட்சைக்காரருக்கு விலை விழும். கம்பத்துக்காரர்கள் கவாத்தை, அதாவது கொடி வெட்டுவதை, மாற்றி மாற்றிச் செய்து வருடம் முழுக்க அறுப்பவர்கள், ஏற்றுமதி மானியம் பற்றி அவர்களிடம் பேசி என்ன பயன்? நம் பெங்களூர் நீலத் திராட்சைக்கோ ஜூஸ், ஒயின் கம்பெனி சொல்வதுதான் விலை. ஆகவே தேசிய அமைப்பில் பரப்பளவை வைத்து ஓட்டு என்றால் மகாராஷ்டிரம் ஒன்றே போதும், நாம் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். ரகத்துக்கு இத்தனை இடம் என்று முதலிலேயே விதியில் எழுதவேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சந்தா ஏக்கர் கணக்கில் இருக்கட்டும், அதிகம் வைத்திருப்பவர் அதிகம் கட்டட்டும்.

சேருகிறவர்கள் பெயர் எழுத நோட்டுப் புத்தகம் முன்வரிசையிலிருந்து வருகிறது. பெயருக்குப் பக்கத்தில் ரகம், ஏக்கர் எழுதுங்கள். குத்தகை நிலமென்றாலும் எழுதுங்கள், பட்டா கேட்கமாட்டோம்.