மழை விட்டாலும் தக்காளி விலை ஏன் உடனே இறங்குவதில்லை?

(காட்சி: கோயம்பேடு மார்க்கெட், விடியற்காலை. லாரியிலிருந்து தக்காளிப் பெட்டிகள் இறங்குகின்றன.)

வணக்கம். 2023 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்க வேண்டி வந்தது. ‘வரத்து குறைவு’ என்று வியாபாரிகள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் குறைவு ஜூலையில் தொடங்கியதல்ல. கோடையில், செடி பூத்திருந்த நாட்களிலேயே தொடங்கிவிட்டது.

(காட்சி: தக்காளிப் பூ, மிக அருகில்.)

நாற்று நட்டு முதல் பறிப்புக்குச் சுமார் இரண்டு மாதம் ஆகும். பூ காயாகிப் பழுக்க மட்டுமே ஒன்றரை மாதம் வரை பிடிக்கும். பகலில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கும். இரவும் குளிராமல் புழுங்கினால் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். செடியைப் பார்த்தால் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும், காய்தான் இருக்காது. சூடும் வறட்சியும் சேர்ந்தால் வெள்ளை ஈ பெருகி, இலைச்சுருட்டை வைரஸைச் செடிக்குச் செடி பரப்பும். அந்த ஆண்டு கோலார் பக்கம் வெள்ளை ஈ பெரிய சேதம் செய்தது. சென்னைக்குத் தக்காளி வருவது பெரும்பாலும் கோலார், மதனப்பள்ளி, கிருஷ்ணகிரி பகுதிகளிலிருந்துதான். அங்கே அடிபட்டால் இங்கே உடனே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்குச் சில மாதம் முன்புதான் பறிகூலிக்கே கட்டாத விலைக்குத் தக்காளி போனது. நொந்துபோன பலர் அடுத்த நடவைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

(காட்சி: தண்ணீர் நிற்கும் வயல்.)

சரி, மழை என்ன செய்கிறது? 2021 நவம்பரில் பார்த்தோம். தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, செடி வாடும். பழுக்கும் காய் திடீரென நீரை உறிஞ்சித் தோல் வெடிக்கும். வெடித்த இடத்தில் பூஞ்சை ஏறும். சேற்றில் இறங்கிப் பறிக்க ஆள் போக முடியாது. அப்படியே பறித்தாலும் ஈரத்தோடு பெட்டியில் அடுக்கிய பழம், லாரி வழியில் மாட்டிக்கொண்டால் அங்கேயே அழுகத் தொடங்கும்.

வெங்காயமாக இருந்தால் பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைக்கலாம். பழுத்த தக்காளி வெளியில் சில நாள்தான் தாங்கும். அதனால் பழைய சரக்கு என்று கையிருப்பே கிடையாது. வரத்து கொஞ்சம் குறைந்தாலும் விலை பல மடங்கு எகிறுவது இதனால்தான்.

பாதை மட்டும் அடைபட்டிருந்தால் சில நாளில் விலை இறங்கும். பூவும் செடியும் போயிருந்தால் அப்படி இல்லை. நவம்பர் மழையில் அழிந்த வயலில், தண்ணீர் வடிந்த மறுவாரமே நாற்று நட்டாலும், முதல் பெட்டி சந்தைக்கு வரப் பொங்கல் தாண்டிவிடும்.