ஆஸ்பின்வால் ஹவுஸ் யாருடைய வீடு? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகம் முசிறி பற்றிப் பேசிய அன்று, போகிற போக்கில் 'கொச்சி ஆஸ்பின்வால் ஹவுஸில் பார்த்தேன்' என்று சொல்லியிருந்தேன். தென்காசியிலிருந்து ஒரு நேயர் அதைப் பிடித்துக்கொண்டார். "அது யாருடைய வீடு ஐயா? வீட்டை எப்படிக் கண்காட்சிக்கூடம் ஆக்கினார்கள்?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

அந்தக் காலத்து வெள்ளைக்கார வணிகர்கள் தங்கள் வியாபார நிறுவனத்தையே 'ஹவுஸ்' என்பார்கள். ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேயர் 1867இல் தொடங்கிய கம்பெனி இது. மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காய் எண்ணெய், மரம், பிறகு கயிறு, காப்பி, தேயிலை, ரப்பர் என்று ஏற்றுமதி நடந்தது. ஃபோர்ட் கொச்சியில் தண்ணீரை ஒட்டிய வளாகம். உள்ளே அலுவலகம் உண்டு, குடியிருக்கும் பங்களாவும் உண்டு. ஆனால் அந்த இடத்தின் உயிர் கிட்டங்கிதான், அதாவது சரக்குக் கிடங்கு.

கிட்டங்கி என்றாலே எனக்கு விருதுநகர்தான். என் தாத்தா அங்கே ஒரு கொத்தமல்லிக் கிட்டங்கியில் கணக்கு எழுதினார். லீவு நாளில் சோற்றுத் தூக்கோடு போவேன். குத்தூசியைச் சாக்கில் செருகி இழுப்பார்கள். அதன் குழியில் கொஞ்சம் மல்லி வரும். தாத்தா அதை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு. வெளியே அத்தனை வெயில் அடித்தாலும் உள்ளே சூடு தெரியாது. கூரை அவ்வளவு உயரம்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: எந்தக் கட்டடத்தையும் அது எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகள் பற்றிப் பேசியபோதும் சொன்னேன். சரக்குக்கு ஈரம் ஆகாது, அதனால் உயரமான ஓட்டுக் கூரை. மூட்டைகளை அடுக்க வேண்டும், அதனால் நீண்ட சுவர். ஆள் சுமந்து வர வேண்டும், அதனால் அகலக் கதவு. இன்றைக்குப் பெரிய கலைப்படைப்பு வைக்கவும் இதே மூன்றும்தானே வேண்டும்? 2012 டிசம்பர் 12 அன்று போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் கொச்சி-முசிறி பினாலே என்ற, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் கலைக் கண்காட்சியைத் தொடங்கியபோது, இந்த வளாகம்தான் அதன் முக்கியக் களம்.

2016இல் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா ஒரு கூடம் முழுக்கக் கடல்நீரை நிரப்பியிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இரண்டு பக்கச் சுவரிலும் கேள்விகள். தண்ணீரை அளைந்துகொண்டே நடந்து கடைசிச் சுவருக்குப் போனால், அங்கே காலிப் குர்தி என்ற சிறுவனுக்கான வரிகள். கடற்கரையில் கிடந்த சிரியக் குழந்தை ஆலனின் படத்தை உலகமே பார்த்தது. அவனோடு மூழ்கிய அண்ணன்தான் காலிப். அவன் படம் அப்படிப் பரவவில்லை. ஒரு காலத்தில் சரக்கை ஈரம் அண்டாமல் காத்த மாதிரி இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். என்னால் உடனே திரும்பி நடக்க முடியவில்லை.

சரி, என்னைக் கேட்டால் அந்த நேயர் இன்னொன்றையும் கேட்டிருக்கலாம்: கிட்டங்கி ஏன் காலியானது?

முன்பெல்லாம் கொச்சி முகத்துவாரத்தில் மணல்திட்டு குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நிற்கும். கரையோரக் கிட்டங்கிகளிலிருந்து வள்ளங்களில் சரக்கு போகும். அதனால்தான் ஒவ்வொரு வியாபாரியும் தண்ணீரைப் பார்த்துக் கட்டினான். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டினார். 1928இல் கப்பல் உள்துறைமுகத்துக்கே வந்துவிட்டது. தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் வெலிங்டன் தீவு உருவானது. கப்பல் அங்கே கரையணையத் தொடங்கியதும் பழைய படகுத்துறைகளுக்கு வேலை குறைந்தது. அப்புறம் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

முசிறிக்கும் இப்படித்தான் ஒரு முடிவு சொல்வார்கள். 1341இல் பெரியாற்று வெள்ளத்தில் அந்தத் துறை தூர்ந்து, கொச்சியின் வாய் திறந்தது என்று. யவனர் பொன்னோடு வந்து கறியோடு போனதாக அகநானூறு பாடுகிற முசிறி அது. கறி என்றால் மிளகு, அன்றைக்கே விளக்கியிருக்கிறேன்.

நான் போகிற போக்கில் சொன்னது இதைத்தான்: முதல் பினாலேயில் விவான் சுந்தரம், முசிறி இருந்த இடமாகப் பலர் கருதும் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளை அடுக்கி, தரையில் ஒரு நகரத்தையே எழுப்பியிருந்தார். குனிந்து பார்த்தேன். ஓடுகளுக்கு நடுவே மிளகு கிடந்தது.