வேண்டும் வேறு, பிடிக்கும் வேறு

எல்லோருக்கும் வணக்கம்.

ராத்திரி பதினோரு மணி. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்தான் ஆகிறது, வயிற்றில் பசி கிடையாது. டி.வி. முன்னால் ஒருவர், மடியில் சிப்ஸ் பாக்கெட். முதல் நாலைந்து வில்லை ருசிக்கிறது. அப்புறம் ருசி எங்கேயோ போய்விடுகிறது, கை மட்டும் பாக்கெட்டுக்கும் வாய்க்குமாகப் போய்வந்துகொண்டே இருக்கிறது. அடியில் கிடக்கும் உப்புத்தூளை விரலால் ஒற்றி எடுக்கும்போதுதான் 'ஐயோ, இன்னிக்குமா' என்று மனசு சுருக்கென்கிறது. இதுவே வாரத்தில் நாலு நாள் நடந்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்துச் சாப்பிடும் அளவுக்குப் போனவரிடம் நாம் சொல்வது ஒன்றுதான்: "வாயைக் கட்ட வேண்டியதுதானே?"

அந்தக் கேள்வி தப்பு என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

ஒருவர் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் அவருக்கு நாக்கு ருசி அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மூளை ஆராய்ச்சியாளர் கென்ட் பெரிட்ஜ் இதைத்தான் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். டோபமைன் என்றால் இன்பம் தரும் ரசாயனம் என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். 1980களின் கடைசியில் அவரும் சகாக்களும் எலிகளின் மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுசாக அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் தீனி பக்கத்திலேயே இருந்தும் தொடவில்லை, குழாய் வழியாக ஊட்டாவிட்டால் பட்டினியாலேயே செத்திருக்கும். ஆனால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டதும் என்ன செய்தன தெரியுமா? நாக்கை நீட்டி உதட்டை நக்கின. ருசி அப்படியே இருந்தது! போனது எட்டி எடுக்கும் உந்துதல் மட்டும்தான்.

ஆக, 'பிடிக்கும்' என்பது மூளையில் ஒரு வேலை, 'வேண்டும்' என்பது வேறொரு வேலை. கட்டுக்கடங்காமல் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு 'வேண்டும்' மட்டும் ஊதிப் பெருத்துக்கொண்டே போகிறது, 'பிடிக்கும்' அதற்குச் சமமாக வளர்வதில்லை. பாக்கெட் பாதி தீரும் முன்னே ருசி போய்விட்டது, கை நிற்கவில்லை என்றேனே, அது இதுதான்.

இன்னொன்று. வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆராய்ச்சியாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். ஆரம்பத்தில் சாறு வாயில் பட்டதும் அவை துடித்தன. சாறு வருவதற்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிக்கொண்டதும், துடிப்பு சாறிலிருந்து விளக்குக்கு இடம் மாறிவிட்டது. நமக்கு விளக்கு எது? பாக்கெட் பிரியும் சத்தம், ஃபோனில் வரும் ஐஸ்கிரீம் படம், ஆஃபீஸிலிருந்து சோர்ந்து திரும்பும் அந்த நேரம். சாப்பாடு கண்ணில் படும் முன்னாலேயே மூளை ஓட ஆரம்பித்துவிடுகிறது.

பசியைப் பார்த்துக்கொள்ள மூளையில் ஹைபோதலமஸ் என்று தனி இடமே இருக்கிறது. 'போதும்' என்று சொல்ல கொழுப்பிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன், 'பசிக்குது' என்று சொல்ல இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. முதலாவதை 1994-லும் இரண்டாவதை 1999-லும் கண்டுபிடித்தார்கள். ஆனால் உடல் பருமன் உள்ள பலருக்கு லெப்டின் ஏராளமாகவே இருக்கிறது, மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

சரி, மனசை மட்டும் திடப்படுத்தினால் போதாதா? 2010-ல் பால் ஜான்சன், பால் கென்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் எலிகளுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த தின்பண்டங்களைக் கிட்டத்தட்ட நாள் முழுக்க எட்டும்படி வைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்த எலிகள், காலில் ஷாக் அடிக்கப் போகிறது என்று விளக்கு எச்சரித்தும் நிறுத்தாமல் தின்றன. மூளையில் டோபமைனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் டி2 என்ற ஏற்பிகள் குறைந்திருந்தன. மனிதர்களிடம் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர் 2019-ல் செய்த சோதனையைப் பாருங்கள். 20 பேர், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்தியதைச் சாப்பிட்ட நாட்களில் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. ஆள் அதே ஆள்தான், மன உறுதியும் அதேதான், மாறியது தட்டில் இருந்தது.

இதை 'உணவு அடிமைத்தனம்' என்று சொல்லலாமா என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சச்சரவு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேட்டில் அந்தப் பெயர் இல்லை, ஆனால் கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாறு தனி நோயாக இருக்கிறது. பெயர் எதுவாகவும் இருக்கட்டும். குடியை விட்டவர் பாட்டிலைத் தொடாமலே இருந்துவிடலாம், இவர் தினமும் மூன்று வேளை அதே எதிரியோடு உட்கார்ந்தாக வேண்டும். எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

தயவுசெய்து பட்டினி கிடந்து சரிக்கட்டப் பார்க்காதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆராய்ச்சிக்காக 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்திருந்தார்கள். பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது சிலருக்கு வயிறு முட்டத் தின்ற பிறகும் பசி அடங்கவில்லை. ராத்திரி பாக்கெட்டைப் பிரிக்கிற பலர் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தவர்கள்தான். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், 'விளக்கு' எதுவென்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், டாக்டரிடம் எடையைப் பற்றி மட்டும் பேசாமல் ஒளித்துச் சாப்பிடுவதையும் வாய் திறந்து சொல்லுங்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தருகிறது.

இப்போது கேள்வி நேரம். எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் கை தூக்க வேண்டாம், கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் வாசல் பக்கம் நிற்கிறேன், அங்கே வந்து பேசுங்கள்.