நெரெவரைக் கொன்றவர் யார்? விக்கியில் ஒரு வரிக்குச் சான்று காட்டுதல்

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன். அருகிலேயே கரையோர ரயில் பாதை இருப்பதால் இடையிடையே ரயில் ஓசை கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை பம்பலப்பிட்டியில் சந்தித்த தம்பி ஒருவர், மொரோவிண்ட் என்ற கணினி விளையாட்டைப் பற்றி ரசிகர்கள் சேர்ந்து எழுதும் விக்கியில் தான் எழுதிய வரியை நீக்கிவிட்டார்கள் என்று மனம் நொந்து சொன்னார். 'நெரெவரை அவருக்கு நெருங்கிய மூவரே கொன்றார்கள்' என்பது அந்த வரி. நெரெவர் அந்த விளையாட்டின் கதையில் வரும் பழங்காலத் தலைவர். சான்றாக அவர் காட்டியிருந்தது விளையாட்டின் பெயரை மட்டுமே. நீக்கியது சரிதான், ஆனால் காரணத்தை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லாதது எனக்கு வருத்தம்.

2002இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட அந்த விளையாட்டு, நெரெவர் எப்படி இறந்தார் என்பதைத் தன் குரலில் உறுதியாகச் சொல்வதே இல்லை. கதைக்குள் வரும் சாம்பல் நில நாடோடிகளின் மரபு, அந்த மூவரில் அல்மலெக்சியா நச்சு மெழுகுவர்த்தியாலும், சோதா சில் நச்சு ஆடையாலும், விவெக் நச்சு மந்திரத்தாலும் அவரைக் கொன்றதாகச் சொல்கிறது. அந்த மூவரையும் தெய்வமாக வணங்கும் ஆலயத்தாரோ செம்மலைப் போரில் பட்ட காயங்களால் இறந்தார் என்கிறார்கள். இதைப் பற்றிக் கேட்டபோது விவெக் சொன்ன பதிலாகப் பதிவான ஆவணத்தில் கொலை என்ற பேச்சே இல்லை. இந்த நிலையில் 'மொரோவிண்ட்' என்று மட்டும் சான்று எழுதுவது, வாதி யார், பிரதிவாதி யார் என்பதை விட்டுவிட்டு 'நீதிமன்றத்தில் சொன்னார்கள்' என்று எழுதுவதற்குச் சமம். தொல்காப்பியத்தில் 'என்மனார் புலவர்' என்று வரும் இடங்களில் அந்தப் புலவர்கள் யார் என்று இன்று நாம் தேடிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, நம்முடைய அடிக்குறிப்பும் பிறரை அப்படித் தேடவைக்கக் கூடாது.

இதைவிட நுட்பமான இடமொன்று உண்டு. விவெக் எழுதியவையாக விளையாட்டுக்குள் 36 போதனை நூல்கள் இருக்கின்றன. கடைசி நூலின் பத்திகளுடைய முதல் எழுத்துகளை வரிசையாகக் கோத்தால், 'கொடுங்கொலை' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் கிடைக்கும். நம் சித்திரகவியில் ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துவைக்கும் கரந்துறை பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. அது அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் அந்த எழுத்துகள் அங்கே இருக்கின்றன என்பதுதான் சான்று, அது வாக்குமூலம் என்பது நம் வாசிப்பு. முன்னதற்கு அடிக்குறிப்பு இடலாம். பின்னதை 'ரசிகர்கள் இவ்வாறு பொருள் கொள்கிறார்கள்' என்று தனி வாக்கியமாக எழுத வேண்டும்.

பாடபேதத்தையும் மறக்காதீர்கள். 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 என்ற வேறொரு விளையாட்டின் ஆங்கிலப் பதிப்பில் ஏரிஸ் என்றிருந்த ஒரு பாத்திரத்தின் பெயர், பிற்காலப் படைப்புகளில் ஏரித் ஆனது. உ.வே.சா. சுவடிக்குச் சுவடி வேறுபடும் பாடங்களைக் குறித்துவைத்ததைப் போல, நாமும் எந்தப் பதிப்பில், எந்த மொழியில் பார்த்தோம் என்று குறிக்க வேண்டும். விளையாட்டுக்கு வெளியே நிறுவனம் வெளியிடும் நூல்களுக்கும் இதே கவனம் தேவை, அவை சொல்வதை விளையாட்டே சொன்னதாக எழுதக் கூடாது.

ஆகவே தம்பி, உங்கள் வரியை இப்படி மீட்டு எழுதுங்கள்: 'நாடோடிகளின் மரபுப்படி நெரெவரை அந்த மூவரும் கொன்றனர்; ஆலயத்தின் கூற்றுப்படி அவர் போர்க் காயங்களால் இறந்தார்.' இரண்டு பாதிகளுக்கும் தனித்தனி அடிக்குறிப்பு வேண்டும். ஒவ்வொன்றிலும் விளையாட்டின் பெயர், பதிப்பு எண், நூலின் தலைப்பு ஆகியவை இருக்கட்டும். நூலாக இல்லாமல் உரையாடலாக இருந்தால், பேசும் பாத்திரத்தின் பெயரையும் எந்தக் கட்டத்தில் பேசினார் என்பதையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், என்னிடமுள்ள விளையாட்டைத் திறந்து வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.