ஒரு வகுப்புக்கு ஓர் ஓவியம்: கிழக்காசியக் கலையைச் சிறுவர்க்குக் கற்பித்தல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் கலையை எட்டு முதல் பத்து வயதுக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய உங்கள்முன் பேச வந்திருக்கிறேன். பல பள்ளிகளில் இப்பாடம் காகித விசிறி, டிராகன் முகமூடி, சிவப்பு விளக்கு என்று ஒருநாள் விழாவாக முடிந்துவிடுகிறது. மூன்று நாடுகளும் ஒன்றாகக் குழம்பிப்போக, குழந்தையின் மனத்தில் அலங்காரம் மட்டுமே தங்குகிறது. ஒரு வகுப்புக்கு ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு, அதை அந்நாட்டார் பார்த்த முறையிலேயே பிள்ளைகளையும் நிதானமாகப் பார்க்கவைப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

சீனத்திலிருந்து தொடங்குகிறேன். சிங்மிங் என்னும் வசந்தகாலத் திருநாள் காலத்து ஆற்றங்கரைக் காட்சியை 12ஆம் நூற்றாண்டில் ஜாங் செதுவான் பட்டின்மேல் தீட்டிய சுருள் ஓவியம் இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 25 செ.மீ.; நீளமோ 5 மீட்டருக்கும் மேல். அதை முழுதாக விரித்துச் சுவரில் ஒட்டினால் பிள்ளைகள் ஒரே பார்வையில் கடந்துவிடுவார்கள். இடக்கையால் விரித்துக்கொண்டும் வலக்கையால் சுருட்டிக்கொண்டும், ஒரு கை நீளத்துக்கு மேல் திறக்காமல், வலமிருந்து இடமாகப் பார்த்துச் செல்வதுதான் அதற்குரிய மரபு. வண்ண நகல்களை வரிசையாக ஒட்டி இரு முனைகளிலும் கழி கட்டிவிட்டால், நான்கு பிள்ளைகள் சூழ்ந்து உட்கார ஒரு சுருள் ஆயத்தமாகிவிடும். முதலில் மரங்களும் சுமை தூக்கிய கழுதைகளும் வரும். பிறகு ஆறும் படகுகளும். நடுவிலே வளைந்த மரப்பாலம். பாலத்தை நெருங்கும் படகு ஒன்றின் பாய்மரம் இன்னும் முழுதாகச் சாய்க்கப்படவில்லை. படகோட்டிகள் கழிகளோடு போராட, பாலத்தின்மேல் நிற்பவர்கள் குனிந்து கையை நீட்டிக் கூவுகிறார்கள். இந்த இடத்தில் சுருளை நிறுத்தி, இனி என்ன ஆகும் என்று மட்டும் கேளுங்கள், பதில்களுக்குப் பஞ்சமிராது. மேலும் விரித்தால் நகரவாயிலில் ஒட்டகங்கள் தென்படும். சீனத்து ஊருக்குள் ஒட்டகம் எப்படி வந்தது என்று ஒரு பிள்ளை கேட்ட பிறகு, தொலைதூர வணிக வழிகளைப் பற்றிச் சொன்னால் போதும். அரசமரபுகளின் பட்டியலை இந்த வயதில் மனப்பாடம் செய்யவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கொரியாவுக்கு நான் முன்மொழிவது கிம் ஹொங்தோ 18ஆம் நூற்றாண்டில் வரைந்த கிராமப் பள்ளிக்கூட ஓவியம். நடுவிலே ஒரு சிறுவன் ஆசிரியருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறான். இரு பக்கமும் அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் சிரிக்கிறார்கள். ஆசிரியரின் முகமோ வருத்தம் தோய்ந்திருக்கிறது. சுவரோ கூரையோ வரையப்படவில்லை. ஆயினும், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் முறையிலேயே அறை உருவாகிவிடுகிறது. அவன் ஏன் அழுகிறான் என்று கேட்டால், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையும் பேசும். அதே ஓவியர் வரைந்த மல்யுத்தக் காட்சியில், பார்வையாளர் ஒருவரின் கை இடவலம் மாறி வரையப்பட்டிருக்கிறது. அதைத் தேடச் சொல்லுங்கள்.

ஜப்பான் என்றதும் ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படம்தான் நினைவுக்கு வரும். தயங்காமல் அதையே எடுக்கலாம். ஆனால் அலைக்கு முன்பாக, மூன்று படகுகளில் குனிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் மனிதர்களைத் தேடச் சொல்லுங்கள். தொலைவில் சிறுத்துத் தெரியும் ஃபூஜி மலையை அவர்களே கண்டுபிடிப்பார்கள். சுமார் 1831இல் வெளிவந்த அந்த மரக்கட்டை அச்சு, வரைந்தவர், செதுக்கியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் என்று பலரின் கூட்டுப்படைப்பு. உருளைக்கிழங்கில் வெட்டிய இரண்டு அச்சுகளால் இரண்டு வண்ணங்களைப் பிசகாமல் ஒரே தாளில் பதிக்க முயலும் பிள்ளைக்கு, அச்சிட்டவரின் திறமையை விளக்கிச் சொல்லவேண்டிய தேவையே இருக்காது. அந்த ஆழ்ந்த நீலம் பெர்லினில் உருவாக்கப்பட்டு, கடல் வணிகத்தின் வழியே ஜப்பானுக்கு வந்த நிறம் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.

இடையே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சீனம் என்றதும் கண்ணின் ஓரத்தை விரலால் இழுத்துக் காட்டும் பிள்ளைகள் இருப்பார்கள். அதை விளையாட்டு என்று விட்டுவிடாமல், உடனே நிறுத்தி, நேரில் காணும் ஒரு சீனக் குழந்தைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று அன்போடு விளக்குவது ஆசிரியரின் கடமை.

இம்மூன்று ஓவியங்களும் பழகிய பிறகு, ஐந்தாம் வகுப்பில் வரைபடத்தை விரித்துத் தென்சீனத் துறைமுகமான சுவான்சௌவைக் காட்டலாம். அங்கே 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இடிந்த சிவன் கோயிலின் கற்சிற்பங்களும் கிடைத்திருக்கின்றன. அங்குள்ள கையுவான் புத்த ஆலயத்தின் தூண்களில் கண்ணன் கதைக் காட்சிகள் இன்றும் உள்ளன. தமிழ்ப் பிள்ளைகளை இது மிகவும் ஈர்க்கும் என்பதால் இதையே முதல் பாடமாக வைக்கத் தோன்றும். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: முதலிலேயே காட்டிவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு ஓவியத்திலும் பிள்ளைகள் நம்மவர்களின் தடத்தை மட்டுமே தேடுவார்கள், பாலத்தடியில் தத்தளிக்கும் படகையும் அழுகின்ற கொரியச் சிறுவனையும் கவனிக்கமாட்டார்கள்.