14 பாட்டிமாரும் ஒரு மரப்பெஞ்சும்: நமது தோட்டங்களுக்கு இது சரிவருமா?

[திரையில்: மர நிழலில் ஒரு வெறும் பெஞ்சு]

இது ஒரு மனநலச் சிகிச்சை நிலையம் என்று சொன்னால் நம்புவீர்களா? இதில் அமர்ந்து உங்களுக்குச் செவிகொடுப்பவர் மருத்துவரும் அல்லர், தாதியும் அல்லர். அயலில் வசிக்கும் ஒரு பாட்டி. சிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில் உருவான இந்த ஏற்பாட்டை, நமது தேயிலைத் தோட்ட லயத்து இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், இருந்தபடி பார்க்கப்போகிறோம்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் தற்கொலை விகிதம் 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என உச்சத்தைத் தொட்டது. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதால், அடுத்த பத்து ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இது பெரிய சாதனைதான். ஆனால் நெஞ்சுக் கனத்தை வர்த்தமானியில் அறிவித்துத் தடைசெய்ய முடியாதே.

[திரையில்: ஹராரே வரைபடம்]

மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, தம்மிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண்ணை 2005இல் தற்கொலைக்குப் பறிகொடுத்தார். மருத்துவமனைக்கு வருவதற்கான பஸ் கட்டணமாகிய 15 டொலர் அந்தக் குடும்பத்திடம் இருக்கவில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து நுவரெலியா கிளினிக்குக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பஸ் காசோடு அன்றைய பேரும், அதாவது நாட்சம்பளமும், போய்விடும்.

மறு ஆண்டு அவர் பணியைத் தொடங்கியபோது, அறையும் கிடைக்கவில்லை, தாதியரும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள், மாநகர சுகாதாரத் துறையில் சமூகப் பணியாளர்களாக இருந்த 14 பாட்டிமார் மட்டுமே. அவர் அதற்கு ‘மனநலப் பெஞ்சு’ என்று பெயரிட, இந்தப் பெயரைப் பார்த்தால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று பாட்டிமார் தடுத்துவிட்டார்கள். அப்படித்தான் அது ‘நட்புப் பெஞ்சு’ ஆனது. பட்டம் பெற்றவருக்குத் தோன்றாதது பாட்டிக்குத் தோன்றியது பாருங்கள்!

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். ஷோனா மொழி பேசும் மக்கள் மனச்சோர்வை ‘குஃபுங்கிசிசா’ என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசித்தல் என்பது அதன் பொருள். இதைப் படித்தவுடன் நான் எழுந்து நின்றுவிட்டேன். உறக்கமில்லாமல் நடுச்சாமத்தில் இஸ்தோப்பில் அமர்ந்திருக்கும் என் அம்மாயியிடம் என்னவென்று கேட்டால், “ஒண்ணுமில்ல சாமி, ஒரே யோசன” என்றுதான் சொல்வார். ‘மனச்சோர்வு’ என்ற சொல்லை அவர் ஒருநாளும் உச்சரித்ததில்லை. நாம் அச்சடிக்கும் விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரங்களில் ‘யோசனை’ என்ற சொல்லை இதுவரை நான் கண்டதில்லை. ஆட்கள் வரவில்லை என்று பிறகு குறைப்படுகிறோம்.

பெஞ்சில் நடப்பது வெறும் ஆறுதல் பேச்சு அன்று. முதலில் 14 கேள்விகள் கேட்கப்படுகின்றன. பின்னர், மனத்தைத் திறத்தல், தூக்கிவிடுதல், பலப்படுத்துதல் என்ற படிகளில், வந்தவர் தமது பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் தாமே தெரிவுசெய்து, அதற்கான தீர்வையும் தாமே கண்டுபிடிக்கிறார். பாட்டி புத்திமதி சொல்லக்கூடாது. நமது அப்பாயிமாருக்கு இதைவிடக் கடினமான பயிற்சி இருக்கமுடியாது என்று நினைக்கிறேன். அதன்பின் வட்டமாக அமரும் குழுவில், பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பைகளைப் பின்னியவாறே பேசுகிறார்கள். கைக்கு வேலை இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும் என்பதைக் கொழுந்து மலையில் நிரை பிடித்தவர்கள் அறிவார்கள், கங்காணி பக்கத்தில் இல்லாவிட்டால்.

பலன் உண்டா? 24 சிகிச்சை நிலையங்களில் 573 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதங்களின் பின்னர், வழமையான கவனிப்புப் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்கு வந்தவர்களில் அது 14 வீதத்துக்கும் குறைவு.

[திரையில்: லயத்து வரிசை]

அப்படியே இங்கே கொண்டுவந்துவிடலாமா? என் கருத்து, முடியாது என்பதே. ஒரு காம்பராவில் முணுமுணுத்தது மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு வந்துவிடும் நமது லயங்களில், இரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லாத பெஞ்சு, வதந்திக்கான இன்னொரு இடமாகிவிடும். ஆகவே அது டிஸ்பென்சரி வளவிலோ, குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவுக்கு அருகிலோ, காதுக்கு எட்டாத தொலைவில் இருக்கவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால், அன்றே மாவட்ட மனநல மருத்துவ அதிகாரியிடம் அனுப்பும் வழியும் வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: தோட்டத்துப் பெண்களிடம் இன்னுமொரு சம்பளமில்லா வேலையைச் சுமத்தாதீர்கள், அமர்ந்து கேட்பதும் உழைப்புத்தான்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து கொழும்புக் கடைகளுக்குப் போகும் பிள்ளைகள் பாட்டியிடம் மனம் திறப்பார்களா என்பது ஐயமே. அவர்களுக்குச் சம வயதினரே வேண்டும். சுகாதாரத் துறையின் ‘யொவுன் பியச’ இளைஞர் நிலையங்கள் அதற்கு ஒரு தொடக்கமாகலாம்.

இதைப் பார்க்கும் உங்களுக்கே இப்போது மனம் கனத்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

கருத்துப் பகுதியில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். உங்கள் தோட்டத்தில் அந்தப் பெஞ்சை எங்கே போடுவீர்கள், என்ன பெயர் வைப்பீர்கள்? உங்கள் அம்மாயியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.